அணைக்கட்டு வரைக்கும்

‘லடாக்கா மேடம்?’ என்கிறான் ஃபயாஸ்.
‘அணைக்கட்டு’ என்கிறேன்.
மனசிருந்தால் ஒடுக்கத்தூர்.
வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச்சந்தை நெரிசல்,
அதற்கு முன்னாலேயே திரும்பிவிடுவேன்.
அவன் சிரிக்கவில்லை. நல்ல பையன்.
இரண்டு சாவிகளை மேசைமேல் வைக்கிறான்.

கறுப்பு வண்டிக்கு நீண்ட உடம்பு.
பின்னிருக்கை, அதற்கொரு சாய்மானம்,
எருமை குட்டையிலிருந்து எழுவதுபோல ஒரு கிளம்பல்.
மற்றது செம்மண் நிறம்.
ஒரே சீட்டு. அதற்குப் பின்னால்
மட்கார்டும் நம்பர் பலகையும் மட்டும்.

இரண்டிலும் என் பாதங்கள்
முழுசாய்த் தரையில் படுகின்றன.
ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு நான்,
இருபத்திரண்டு வருஷம் ஸ்கூட்டியில்
சிக்னலுக்குச் சிக்னல்
நுனிக்காலில் நின்றவள்.
ஷோரூம் தரையில் கொஞ்சநேரம்
சும்மா உட்கார்ந்திருந்தேன்
குதிகால் அழுந்த.

கறுப்பை சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஓட்டினேன்.
லாரிக்காரன் காதருகே ஆரன் அடித்தும்
அது பதறவில்லை.
பாலாற்று மணலைக் காற்று முகத்தில் எறிந்தபோதும்
நேராய்ப் போனது.
வாங்கியே விடலாம்தான்.
ஆனால் காகிதப்பட்டறையில் என் வீட்டு வாசல் இறக்கம்.
மூக்கு கீழாக நிறுத்திவிட்டால்
காலையில் மேட்டுக்கு இழுக்கவேண்டும், பின்னோக்கி,
தனியாய்.
நூற்றுத் தொண்ணூறு கிலோ என்கிறது அட்டை.
ரத்த வங்கியில் இரவெல்லாம்
பையைக் கையில் வாங்கியதுமே எடை சொல்பவள் நான்.
அட்டை கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறது.

‘பின்னாடி யாருனா உக்காருவாங்களா மேடம்?’

யோசித்தேன்.
ரேஷன் அரிசி உட்கார்ந்தது. கேஸ் சிலிண்டர்,
கயிறு கட்டி.
அண்ணன் மகன் லெனின்குமார் ட்யூஷனுக்கு,
பிறகு கல்லூரிக்கு,
பிறகு பெண்பார்க்கப் போக பஸ் ஸ்டாண்டுக்கு.
ஒரு காலத்தில் என் கணவராயிருந்தவர்
கிரீன் சர்க்கிளிலிருந்து பாகாயம் வரை
‘மெல்லப் போ ரூபா, மெல்லப் போ’ என்றபடி.
நான் வேகமாய்ப் போனதே இல்லை.
அவர் சொல்லிக்கொண்டிருந்ததால்
அது எனக்கே தெரியாது.

‘யாருமில்லப்பா.’
ஃபயாஸ் கண்ணை இறக்கிக்கொண்டான்,
துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி.
அதற்குமேல் அவனுக்கு விளக்கவில்லை.
செம்மண்ணைக் காட்டி
‘முன்பணம் எவ்ளோ’ என்றேன்.

இரவுப் பணி முடிந்த முதல் ஞாயிறு.
ஸ்ரீபுரம் தாண்டியதும் டூரிஸ்ட் பஸ்கள் கழன்றன.
புளியமர நிழல்கள் தொடைமேல் ஓடின.
வெயில் இன்னும் முழிக்கவில்லை,
வேலூரில் அது அரைமணி நேரச் சலுகை.
அணைக்கட்டில் டீ.
கடைக்காரர் வண்டியைச் சுற்றிவந்து
‘மீதிய எப்ப குடுப்பாங்க?’ என்றார்.
சிரித்ததில் டீ சிந்தியது, டேங்கின் மேல்
முதல் கறை.

திரும்பும்போது ஊசூர் நிறுத்தத்தில்
வெள்ளைச் சீருடையில் ஒரு பெண்,
பஸ்ஸை விட்டவள், கை நீட்டினாள்.
அந்த முகத்தை எனக்குத் தெரியும்,
அவளை அல்ல, அந்த முகத்தை:
ஏழுமணி ஷிப்டுக்கு ஆறேமுக்கால் முகம்.
வேகம் குறைத்துப் பின்னால் சுட்டிக்காட்டினேன்.
மட்கார்டைப் பார்த்தாள்.
‘ஒரே சீட்டாக்கா? சூப்பரா கீது, போங்க போங்க.’

போனேன்.
அறுபதில் கண்ணாடி அதிரும் வண்டி இது,
ஃபயாஸ் சொல்லவில்லை.
வெள்ளைச் சீருடை இரண்டாய், மூன்றாய்,
மறுபடி ஒன்றாய்.
நாற்பதுக்கு இறக்கினேன். தெளிந்தது.
ஒரு ஷேர் ஆட்டோ அவளருகே
ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.
அவள் உள்ளே குனிந்து ஏறும்வரை
நாற்பதிலேயே போனேன்.
அப்புறம் முறுக்கினேன்.