இருத்தல்

கேற்றடியில் தர்மகுலசிங்கத்தார்
நாய்க்கு ரிக்கற் இல்லையென்று
கிழமைக்கொருக்கால் அதே பகிடியை விடுவார்.
கிழமைக்கொருக்கால் நானும் சிரிப்பேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து மூன்று கட்டை, துரை வளவு.
பலகையில் மூன்று மொழி,
மூன்றிலும் ஆண்டு ஒன்று, துரையின் பெயர் மூன்றுவிதம்.
கூரையில்லாத பங்களா.
குதிரை லாயத்துக்குள் ஒரு விளாமரம்.
இரண்டு வரிசையாய்ப் புளி,
துரை நட்டதாம்.
தண்ணி ஊற்றினது ஆரோ.

ஒட்டோவுக்குத் தமிழ் விளங்காது.
பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில்
பழக்கி அனுப்பினார்கள்.
கயிறு பிடிக்க வந்த நான்
அதன் பாஷையில் நாலு சொல் படித்தேன்:
தேடு. நில். வா. நல்ல பிள்ளை.
ஏழு வருடம்.
எங்கள் வீட்டுத் தகரம்
அதன் மூக்கால் வந்தது.

கிணற்றுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் ஒரு கல்.
பாசியைச் சுரண்டினால் ஆங்கில எழுத்து:
ஜூனோ, துரையின் வேட்டைநாய்,
காய்ச்சலில் போனது, வயது ஆறு.
நாள், மாதம், வருடம், எல்லாம் உண்டு.

என் அண்ணனுக்கு
வைகாசி பதின்மூன்று என்கிறா அம்மா.
இல்லை, பதினைந்து, மழை பெய்த அன்று
என்கிறா அண்ணி.
இரண்டு நாளும் படைக்கிறோம்.

ஒட்டோ காலைத் தூக்கி
கல்லை நனைத்தது.
நான் தடுக்கவில்லை.

பிறகுதான், லாயத்திலிருந்து
மூன்றாம் புளிக்கும் நாலாம் புளிக்கும் நடுவில்
பாதையை விட்டு இரண்டடி இறங்கி
ஒட்டோ இருந்தது.

முதுகு நேராய்,
மூக்கு நிலத்துக்கு, கண் எனக்கு,
பந்து கேட்கிற அந்தப் பழைய பார்வை.
அது இருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது.
அவ்வளவுதான் அந்த வேலை.

வயது பன்னிரண்டு. இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டதென்று
கிளிநொச்சி மிருக வைத்தியர் சொன்னவர்.
களைத்தும் இருந்திருக்கலாம்.
இந்த வளவுக்குத் தாள் கொடுத்தாயிற்று,
துப்புரவு, ஆபத்தில்லை, ஒப்பம், முத்திரை.
அந்தத் தாளில் எங்கள் அணியின் இலக்கம்.
இந்த இரண்டு புளிக்கும் நடுவில்
ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்து
மண்ணைக் கிளறியது நான்தான்
என்றுகூட நினைக்கிறேன்.

வா, என்றேன்.
வரவில்லை.
வா, என்றேன் தமிழிலும்.

சிவப்புத் தடி இல்லை கையில்.
ரெலிபோன் கொம்பனிக் குடையை விரித்துக்
கவிழ்த்து வைத்தேன்.
வந்த என் அடிகளிலேயே
பின்பக்கமாய்க் கால்வைத்துப் போனேன்,
மறக்கவில்லை கால்.

"புதன்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளையள் வருகுதுகள்"
என்றார் தர்மகுலசிங்கத்தார்.
விடாதேங்கோ, என்றேன்.
"ஏன், நாய் என்ன சொன்னது?"

திரும்பிப் பார்த்தேன்.
குடை காற்றில் கொஞ்சம் ஆடியது.
பக்கத்தில் ஒட்டோ
பந்து வருமென்று
இன்னும் இருந்தது.