பை டூ

ஜெயநகர் தர்ஷினியில் நின்றபடியே
பை டூ என்கிறாள் நாகவேணி.
ஒரு காபி, இரண்டு டம்ளர்.
ஆளுக்குப் பாதி.
நுரை மட்டும் அவள் பக்கம் ஒரு விரல் கூடுதல்.

நேற்று ராத்திரி நான் பிரித்தது
இப்படி அல்ல.

மெட்ரோ கதவில் அட்டை ஒற்றியவர்களின் வரிசை அது.
ஒருவர் பின் ஒருவராக, ஒரே ஒருமுறை வரும்.
கடந்தவர் கடந்தவர்தான்.
கட்டணக் கணக்குக்கு ஒன்று வேண்டும் என்றார்கள்,
நெரிசல் பார்க்க இன்னொன்று.
குழாய்க்காரர் கவட்டை வைப்பதைப்போல
ஒரு வரி எழுதினேன்.
இங்கே பாதி கிடையாது,
இருவருக்கும் முழுசு.

பிரித்தபின் மூலத்தைத் தொடக்கூடாது.
தெரியாமல் தொட்டு ஒருவரை எடுத்துவிட்டால்
இரண்டிலும் அவர் இருக்க மாட்டார்.
அன்று அவர் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.

அது தெரியும் எனக்கு. தெரியாதது இது:
கணக்கு பறந்தது.
நெரிசல் பார்க்க வேண்டியது
காலை ஆறு பத்துக்கு, விஜயநகரில்,
ஏதோ பிழையில் நின்றே போனது.
முன்னது பார்த்துவிட்ட, பின்னது இன்னும் பார்க்காத
இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர்
மெமரிக்குள் நின்றார்கள்
இறங்க ஸ்டேஷன் இல்லாமல்.
மூன்று பதினேழுக்கு சர்வர் விழுந்தது.

விழுந்த சத்தம் எதுவும் இல்லை.
போன்தான் அதிர்ந்தது, தலையணைக்கடியில்.

எங்களுக்கும் பதினோரு வருடம், இருவருக்கும் முழுசு.
பரிதி கடைசிவரை ஓடி முடித்துவிட்டான்.
ஒயிட்ஃபீல்டில் வீடு, கதவில் இன்னொரு பெயருடன்.
நான் ஏழாவது வருடத்தில் நிற்கிறேன்,
சிக்பேட்டையில் மழைக்கு ஒதுங்கி
நூற்றெண்பது ரூபாய்க்குக் குடை வாங்கிய சாயங்காலத்தில்.
அடுத்ததை எடு என்றால்
கை போகவில்லை.
நடுவில் நாலு வருடம் எங்கேயோ நிற்கிறது.
எங்கே என்ன எங்கே,
இடம் என்னுடையதுதான்.

"லிஸ்ட் மாட்பிடு மாராய்த்தி"
என்கிறாள் நாகவேணி, டம்ளரைக் கவிழ்த்து வைத்து.
ஒருவர் இவ்வளவு முந்திப்போனால் பிரிப்பதே வீண்,
மொத்தத்தையும் ஒரே பட்டியலாக இறக்கிவிடு,
யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும்
வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்கிறாள்.

சரிதான்.
வக்கீலும் அதைத்தான் கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள்.
ஃபிரிட்ஜ், கட்டில், வாஷிங்மெஷின்,
எல்ஐசி பத்திரம் இரண்டு
வரை எழுதிவிட்டேன்.

குடையை எழுதுவதா?
ஒரு கம்பி வேறு உடைந்திருக்கிறது.