திருத்தம்: மூன்றாம் பக்கம்

ஸ்ட்ராம்னஸ் துறைமுகம்.
கப்பல் கயிறு அவிழ்க்க இன்னும் நாற்பது நிமிடம்.
இங்காவின் கடையில்
தூண்டில் முள்ளுக்கும் வாழ்த்து அட்டைக்கும் நடுவே
இசைக்கு ஒரே ஒரு தட்டு.
மூன்று கிட்டார் பத்திரிகைகள்.
என்னிடம் ஒன்றுக்குத்தான் காசு.
ஒன்றுக்குத்தான் பொறுமையும்.

முதலாவது நல்ல கனம்.
அட்டையில் ஒருவன் கண்ணை மூடி
பல் பிடுங்கும்போது போல வாய் திறந்திருக்கிறான்.
ஒரு நொடிக்குள் அவன் வாசித்த பதினேழு சுரங்களை
நான்கு பக்கத்துக்கு விரித்துக் காட்டுகிறார்கள்.
எனக்கு ஜி-யிலிருந்து சி-க்குப் போய்ச் சேர
ஒரு முட்டை வெந்துவிடும்.

இரண்டாவது, பழைய கிட்டார்களைப் பற்றி.
மரத்தின் வயது, மெருகில் விழுந்த வெடிப்பு,
யானை விலை, குதிரை விலை.
பளபளத் தாளில் கடைவிளக்கு விழுந்து
பாதி வரியைத் தின்கிறது.
கையை எடுத்தேன்.
தானாக மூடிக்கொண்டது. பசை போட்ட முதுகு.

இதை யாரும் சொல்லித் தருவதில்லை:
இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும்போது
பக்கத்தைப் பிடிக்க
மூன்றாவது கை கிடையாது.

கிட்டார் தோர்ஃபினுடையது.
சீட்டில் தோற்றவன் கடனுக்கு ஈடாக வைத்தான்,
மீட்க வரவில்லை.
ஐம்பத்தோரு வயதில் நான் தொடங்கிய கதை இவ்வளவுதான்.
ஸ்க்ராப்ஸ்டர் போய்த் திரும்பும் கப்பலில்
காலை உணவுக்கும் மதியச் சூப்புக்கும் இடையே
உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து வாசிப்பேன்.
எதிரே மாவு வாளியின் மூடிமேல் பத்திரிகை.
ஹாய் தீவின் பாறைகளைத் தாண்டும்போது
அலை பக்கவாட்டில் அறையும்.
பத்திரிகை விழலாம்.
மூடிக்கொள்ளத்தான் கூடாது.

மூன்றாவது மெலிசு.
நடுவில் இரண்டு பின், அவ்வளவுதான் கட்டு.
விரித்து வைத்தால்
நடுமுள் எடுத்த மீன் மாதிரி மல்லாந்து கிடக்கும்.
போன மாதமும் இதைத்தான் வாங்கினேன்,
விலையைப் பார்த்து.
‘முதல் சில வாரங்கள் விரல்நுனி வலிக்கும்,
பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றிருந்தது.
முப்பது வருடமாய்ச் சூட்டுத் தட்டு தூக்கிய விரல்கள்.
வலித்திருந்தால் தந்திக்கு வலித்திருக்கும்.

புதிய இதழைப் புரட்டினேன்.
மூன்றாம் பக்கம், தந்தி விளம்பரத்துக்குக் கீழே
தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம்:
‘வருந்துகிறோம். சென்ற இதழில் சி கார்டின் படத்தில்
மோதிர விரலுக்கான புள்ளி
ஐந்தாம் தந்தியில் விழாமல்
ஆறாம் தந்தியில் விழுந்துவிட்டது.
சுட்டிக்காட்டிய இருநூற்றுப் பதினோரு பேருக்கும் நன்றி.’

இருநூற்றுப் பதினோரு பேருக்குத் தெரிந்திருக்கிறது.
நின்ற இடத்தில் எனக்குக் காது சுட்டது.
ஒரு மாதம்.
போக வர, போக வர, அந்தப் புள்ளியை நம்பி.
அழுவதா வேண்டாமா என்று
முடிவெடுக்காத ஒரு சத்தம் அது.
தட்டு கழுவும் பையன் ஒருநாள் குழாயை மூடிவிட்டு
‘அது என்ன?’ என்று கேட்டான்.
‘சி’ என்றேன், பெரிய வித்வான் மாதிரி.

மற்ற இரண்டிலும் மூன்றாம் பக்கம் எடுத்துப் பார்த்தேன்.
ஒன்றில் கைக்கடிகார விளம்பரம்.
இன்னொன்றில் ஆசிரியர் கைகட்டி நிற்கும் படம்.

‘எது வேணும், ஐல்ஸா? உன் கப்பல் கூப்பிடுது.’
மெலிசானதை நீட்டினேன்.
‘இதுல தப்புதப்பாப் போடறாங்கன்னு
பள்ளிக்கூட வாத்தியார் திட்டிட்டுப் போனாரே’ என்றாள் இங்கா,
சில்லறையை எண்ணியபடி.
‘ஆமா, படிச்சேன்’ என்றேன்.

பாறை தாண்டியதும் விரலை ஒரு தந்தி கீழே இறக்கினேன்.
சரியான சி.
கழுவித் துடைத்த தட்டு போலச் சுத்தம்.
இத்தனை நாள் முட்டி நின்ற பாட்டு
கதவு திறந்த மாதிரி போனது.
இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறையும்.

பிறகு, பையன் மேல்தளத்துக்குப் போனதும்,
விரலைப் பழைய இடத்தில் வைத்தேன்.
அதற்கு ஏதாவது பெயர் இருக்கும்.
அடுத்த இதழில் வரலாம்.
வராமலும்

சூப் பொங்கிவிட்டது.