கட்டத்துக்குள் இருக்கும் எண்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததால்
இருபது நிமிடம் தாமதமாக வந்தாள் ஷப்ரீன்.
தோளில் ஒரு பை. பைக்குள் கேமரா.
முடி காயவைக்கும் மெஷின் மாதிரி இருந்தது,
அல்லது வண்டி வேகம் பார்க்க
போலீஸ்காரர் நீட்டுவாரே, அது மாதிரி.

"ரூம் இருட்டா இருக்கணும்ணா.
இருட்டுலதான் கண்பாப்பா பெரிசாவும்."

ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில்
பகல் பதினொரு மணிக்கு
இருட்டு கேட்டால் எங்கே போவது?
கதவைச் சாத்தினோம்.
ஜன்னலை மறைத்து என் லுங்கியைப் பிடித்தபடி
அமலோற்பவம் நின்றாள்.
டிவியின் சிவப்புப் புள்ளிமேல் ஒரு துணி.
கதவிடுக்கு வெயிலுக்கு அரிசிச் சாக்கு.
மாதா படத்துச் சின்ன பல்பை
அணைக்கலாமா என்று ஒரு நொடி நின்று
அதையும் அணைத்தாள்.

எனக்கு வேலை எண்ணூர் சாலை கன்டெய்னர் யார்டில்.
வாசலில் நின்று எண் எழுதுவது.
நான்கு எழுத்து, ஆறு எண்,
கட்டம் போட்டு அதற்குள் கடைசியாய் ஒன்று.
மற்றதெல்லாம் சரிதானா என்று
அந்த ஒன்று சொல்லிவிடும்.
கணக்குப் போட்டால் அது வரவேண்டும்.
வராவிட்டால் எங்கேயோ பிசகு.

போன ஐப்பசியில் மூன்றை எட்டென்று எழுதினேன்.
தூத்துக்குடிக்குப் போக வேண்டிய பெட்டி
நாலு நாள் மழையில் நின்றது.
சூப்பர்வைசர் திட்டவில்லை.
"உனக்கு சுகர் எவ்ளோ?" என்று மட்டும் கேட்டார்.
திட்டியிருக்கலாம்.

பதினோரு வருஷச் சர்க்கரை.
ஆஸ்பத்திரிக்குப் போனால் கண்ணில் சொட்டு விடுவார்கள்,
அன்றைய கூலி போச்சு,
கைப்பிடித்துக் கூட்டிவர ஓர் ஆள்.
ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்.

"நேரா பாருங்க. பச்சை புள்ளி தெரியுதா? இமைக்காதீங்க."
ஒரு மின்னல். தலை முழுக்க ஊதா.
அடுத்த கண். அடுத்த மின்னல்.
போனில் காட்டினாள்:
ஆரஞ்சு வட்டம், ஓரமாய் ஒரு வெளிர்மஞ்சள் நிலா,
அதிலிருந்து கிளைகிளையாய் ஓடும் சிவப்புக் கோடு.
எங்கள் ஸ்டேஷன் தாண்டி தண்டவாளம் பிரியும், அப்படி.
"டாக்டருக்கு அனுப்புறேன். எனக்குத் தெரிஞ்சு
கண்ணாடி மாத்தினா போதும்ணா."

லுங்கி அசைந்தது. கை வலித்திருக்கும்.
"அக்கா, நீங்களும் உக்காருங்க. சார்ஜ் இருக்கு."
"எனக்கு ஏது சக்கரை?
சின்னவ வயித்துல இருந்தப்ப இருந்துச்சு,
பொறந்ததும் போயிடுச்சு."
போனது என்று யார் சொன்னது?
இருபத்திரண்டு வருஷமாய் யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது லுங்கியை நான் பிடித்தேன்.

அதே நிலா. அதே தண்டவாளம்.
ஆனால் உப்புக்காற்றில் கிடந்த பெட்டியின் கதவு போல
எங்கும் துருப் பொட்டு, நடுவே மஞ்சள் பொரி.
ஷப்ரீன் பேசவில்லை. மறுபடி எடுத்தாள்.
பிறகு விரலில் குத்தி ஒரு சொட்டு:
முன்னூற்றுப் பன்னிரண்டு.

என் மாத்திரைகளை அவள் தடவித்தான் பிரிப்பாள்.
நீளம் காலைக்கு, உருண்டை ராத்திரிக்கு.
கைப்பழக்கம் என்று நினைத்தேன்.
பஸ் வந்தால் "இன்னா நம்பரு?" என்பாள்.
நான் நம்பர் ஆளாச்சே, அதனால் கேட்கிறாள் என்று
கொஞ்சம் பெருமைகூட.
குழம்பில் செதிள் கிடக்கிறதென்று சின்னவள் கத்தியபோது
சேர்ந்து நானும் கத்தினேன்.

மாதா பல்பைத்தான் முதலில் போட்டாள்.
பிறகு டீ.
சர்க்கரை டப்பாவைத் திறந்து, மூடி, திறந்து,
ஷப்ரீன் தம்ளரில் மட்டும் போட்டாள்.

சீட்டு கொடுத்தார்கள் அவளுக்கு. திங்கள், காலை எட்டு மணி.
"இன்னா நம்பரு?"
படித்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்
மறுபடி படித்தேன்.
மூன்றா எட்டா என்று ஷப்ரீனிடம் காட்டி
இன்னொரு தரம்.

பேனா எடுத்து, அவள் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு சின்னக் கட்டம் போட்டேன்.
உள்ளே என்ன எழுதுவதென்று தெரியவில்லை.