டாக்டர் துண்டு

விடிய ஐந்து மணிக்கு
கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடிதான் மோசம்.
குதிக்குள் யாரோ
அடித்துவிட்டு மறந்துபோன ஆணி.
சுவரைப் பிடித்து, மேசையைப் பிடித்து,
பத்து அடி போனால் ஆணி மழுங்கும்.
பிறகு நான் கணக்கு சேர்.
எட்டுப் பாடவேளை,
சீமெந்துத் தரை,
கூர்மூக்குக் கறுப்புச் சப்பாத்து.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
இருபத்தேழாம் நம்பர்.
நிலூக்கா மிஸ் என் பாதத்தை
கடையில் வெற்றிலை பார்ப்பதுபோல் திருப்பிப் பார்த்தார்.
"சேர், விரல் எல்லாம் நித்திரை" என்றார்
தனக்குத் தெரிந்த தமிழில்.
"எழுப்ப வேணும்."

துவாயை நிலத்தில் விரித்து
கால்விரலால் சுருட்டுவது.
முதல் வாரம் துவாய் அசையவில்லை,
ரதிதேவி சிரித்த சிரிப்பில்தான் கொஞ்சம் அசைந்தது.
உறைய வைத்த சோடாப் போத்தலைப்
பாதத்தடியில் உருட்டுவது
(நோர்வூட் குளிருக்கு இது அநியாயம்).
வாசற்படி விளிம்பில் நின்று
குதியை மெல்லக் கீழே விடுவது,
மூன்று எண்ணி ஏற்றுவது.
பதினைந்து தரம்.
எண்ணுவதில் எனக்குக் குறையில்லை.

கட்டாரில் இருக்கும் மச்சான்
ஒரு சோடி அனுப்பினான்.
வெறுங்கால் சப்பாத்தாம்.
தோசையை விட மெல்லிய அடி.
ஐந்து விரலுக்கும் ஐந்து காம்பரா,
லயம் போல வரிசையாய்.
விலை கேட்டேன், சொன்னான்.
ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தேன்.
எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.
சும்மா கிடைக்கிற வெறுங்காலுக்கு
இவ்வளவா?

போட்டு நடந்த அன்று
பாதைக்கும் உடம்பு இருப்பது தெரிந்தது.
தார் கழன்ற இடத்தில் சல்லி,
பீலித் தண்ணீர் குறுக்கே ஓடும் இடத்தில் சில்லிப்பு,
கொழுந்து லொறி அரைத்துவிட்டுப் போன
சேற்றின் மிருது.
பத்தொன்பது வருடம் போய்வந்த பாதை.
முதலில் கால்மணி நேரம்தான் என்று
மிஸ் சொல்லியிருந்தார்.
மிச்சத் தூரத்துக்குப் பையில்
பழைய கூர்மூக்கு.

"சேர் காலுக்குக் கையுறை போட்டிருக்காரு"
என்றது ஏழாம் வகுப்பு.
அதிபர் கண்ணாடியை இறக்கி,
"இது சப்பாத்தா, மாஸ்டர்?"
டாக்டர் துண்டைக் காட்டினேன்.
தலையாட்டினார். முடிந்தது.

செவ்வாய்க்கிழமை கேற்றில் என் முறை.
சப்பாத்து இல்லாதவர்களை ஓரமாய் நிறுத்தும் வேலை.
அன்று ஐந்து பேர்.
கடைசியில் மேல்பிரிவுத் தினுக்ஷன்.
வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு.
பெருவிரலுக்கும் அடுத்ததுக்கும் நடுவே
ஒரு கொழுந்து நுழையும் அகலம்.
ஒவ்வொரு விரலும் தன்பாட்டில்
நிலத்தைப் பிடித்திருந்தது.
நிலூக்கா மிஸ் பார்த்தால்
படம் எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார்.
குதியில் வெடிப்பு, கணுவில் அட்டை கடித்த தழும்பு,
அதெல்லாம் படத்தில் விழாது.

"சப்பாத்து எங்கே?"
வாய் தானாகக் கேட்டது.
"காயலங்க சேர்."
அவன் என் காலைப் பார்த்தான்.
நானும் என் காலைப் பார்த்தேன்.
துண்டு இருக்கா என்று நான் கேட்கவில்லை.
காய்ச்சலா நோவா, என்ன இருக்கிறது அவனுக்கு?
இல்லாததற்கு எந்த டாக்டர் எழுதித் தருவார்?

ஐந்து பெயரையும் எழுதினேன்.
அதை மறைக்கப் போவதில்லை.
காரணம் என்ற கட்டத்தில் "மழை" என்று போட்டு
உள்ளே அனுப்பினேன்.
அன்று நல்ல வெயில்.
அதிபர் பதிவேட்டைப் பார்ப்பது வெள்ளிக்கிழமை.

மணி அடித்த பிறகு
கேற்றுப் படி விளிம்பில் நின்று
குதியைக் கீழே விட்டேன், ஒன்று, இரண்டு.
போனவன் திரும்பிப் பார்த்து
அங்கேயே ஒரு கல்லில் ஏறி,
பிடிக்க ஒன்றும் இல்லாமல்,
ஒற்றைக் காலில் செய்து காட்டிவிட்டு ஓடினான்.

நோவு இன்னும் இருக்கிறது.
விடியற்காலையில் சுவர் பிடிக்கும் தூரம்
இப்போது ஆறு அடி.