முப்பது நாள்

பெரியமேட்டு உள்ளரங்கில்
இரண்டாம் சுற்றின் கடைசிப் பத்து நொடி.
என் இடது கை கன்னத்தை விட்டு
நாலு விரற்கடை இறங்கியிருந்தது.
அவ்வளவுதான்.
டெல்பினின் வலது உள்ளே வந்துவிட்டது.

நான் விழவில்லை.
அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது,
என்னையும்.
கரண்ட் போன பிறகும் சுற்றும் ஃபேன் போல
கால்கள் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன.

டாக்டர் ஷகிலா கயிற்றுக்குள் குனிந்து வந்தார்.
பேனா விளக்கு. வலக்கண். இடக்கண்.
"இது எந்த இடம்மா?"
வியாசர்பாடி என்றேன்,
துளி சந்தேகமில்லாமல்.
"எத்தனாவது ரவுண்டு?"
டிக்கெட் எடுத்துட்டேன் என்றேனாம்.

விசில். ஊளை. காலி பாட்டில் ஒன்று.
நிறுத்தாதே நிறுத்தாதே என்று
எங்கள் தெருவே எழுந்து நின்று கத்த
அவர் நடுவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நல்லா அடி தாங்குவா."
எங்கள் பக்கம் இது பாராட்டு.
பன்னிரண்டு வயதிலிருந்து
இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.
மண்டைக்குள் இருப்பதற்குப்
பாராட்டு கேட்காது போலிருக்கிறது.

புத்தகத்தில் முத்திரை:
முப்பது நாள் ரிங் ஏறக்கூடாது,
பயிற்சிக்கும் கூட.

நாலாம் நாள் டியூப்லைட் வலித்தது.
ஏழாம் நாள் மாதவரம் குடோனில்
பார்சல்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன்,
'உடையக்கூடியது, கவிழ்க்காதீர்'.
ஒன்றை எடுத்து என் நெற்றியில் ஒட்டிவிட்டு
தமீனா சிரித்தாள்.
மதியம் வரை அதை எடுக்கவில்லை.

இருபத்தோராம் நாளிலிருந்து,
டாக்டர் சரியென்ற பிறகு,
மாடியில் நிழலோடு மட்டும்.
குத்து கிடையாது.
தாடை உள்ளே, முழங்கை விலாவோடு,
வருவதைத் தோளில் வாங்கி
உருட்டி வெளியே விடு,
அரை அடி பின்னே, பக்கவாட்டில் நழுவு.
கொடிக்கயிற்றுக்கு அடியில்
இந்தப் பக்கம் குனிந்து அந்தப் பக்கம் எழு.
ஈரப் புடவை முகத்தில் பட்டால்
மறுபடி முதலிலிருந்து.

தினமும் ராத்திரி டெல்பின் போன் செய்கிறாள்.
மன்னிப்பெல்லாம் இல்லை.
ஒரே கேள்வி:
"எங்க இருக்க, சொல்லு."

இன்றும் கேட்டாள்.
கணேசபுரம் சப்வே வாசல் என்றேன்,
மணி எட்டே கால், வியாழக்கிழமை,
வானம் இருட்டுது,
உள்ளே இன்னும் தண்ணி நிக்கல.
"ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

முதல் துளிக்குத் தலையைச் சாய்த்தேன்.
படவில்லை.
இரண்டாவது பட்டது.