நடுக் கட்டை

கச்சான் அடிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள்
கீபோர்டில் ஒரு 'க' செத்துப்போனது.
உப்புதான். ஜன்னலைச் சாத்தாமல் விட்டது நான்தான்.
தங்கச்சிமடத்தில் திறந்து வைத்த எதையும்
கடல் விசாரிக்காமல் போவதில்லை.

தடைக்காலம். விசைப்படகுகள் வடகடலில் கட்டிக் கிடக்கின்றன.
ஐஸ் பிளாண்டில் எனக்குக் கணக்கெழுத ஒன்றுமில்லை.
உட்கார்ந்து விரலை வைத்துப் பார்க்கிறேன்.

வெள்ளைக் கட்டை ஏழு.
ஒன்றைத் தொடு, அடுத்ததைத் தாண்டு,
தொடு, தாண்டு, தொடு.
ச, க, ப. மூன்று விரல்.
அவ்வளவுதான் கார்டு.
(டீசல் பங்க் அமல்தாஸ் கேட்பான்:
"எந்தக் கார்டு, ரேஷனா?")

அப்படியே கையை ஒரு வீடு நகர்த்தினால்
ரி, ம, த.
விரித்த விரல் மாறவில்லை;
சற்றுமுன் சிரித்தது, இப்போது முகம் வாடுகிறது.
வீடுகளுக்கு நடுவே சந்து ஒரே அகலமில்லை, அதனால்.
'க'வுக்கும் 'ம'வுக்கும் இடையில் கறுப்புக் கட்டை கிடையாது,
'நி'க்கும் மேல் 'ச'வுக்கும் இடையிலும்.
நாலு எட்டு, பிறகு மூன்று எட்டு என்றால் வெயில்.
மூன்று, பிறகு நாலு என்றால் மோடம்.
'நி'யில் தொடங்கினால் மூன்றும் மூன்றும்:
நங்கூரம் பிடிக்காத வள்ளம்.

ஒரு 'க' போனதில் மூன்று கார்டு நொண்டி.
த, ச, க: அங்கே அது கடைசி ஆள், சமாளிக்கலாம்.
க, ப, நி: அங்கே அதுதான் தலைக்கட்டு.
ச, க, ப: நடு ஆள்.
அங்கேதான் வலி.
'ச'வும் 'ப'வும் மட்டும் ஒலிக்கும்போது
வாசல் இருக்கிறது, கொல்லை இருக்கிறது,
உள்ளே சிரிக்கிறார்களா அழுகிறார்களா
எட்டிப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

பழைய நூல்களில் இந்தச் சுரத்துக்குக் கைக்கிளை என்று பேர்.
ஒருதலைக் காதலுக்கும் அதே பேர்.
நின்ற நரம்பிலிருந்து எண்ணினால்
மூன்றாவது பகை என்றும் சொல்லியிருக்கிறது.
பகையை நடுவில் உட்கார வைத்தால்தான்
மூன்றும் சேர்ந்து ஒரு சொல்லாகும் என்பது
படித்துத் தெரிந்ததல்ல.

ஞாயிறு, காணிக்கைப் பாட்டு, முதல் அடி.
'ச'வையும் 'ப'வையும் அழுத்திவிட்டு
பொத்தான் போன சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.
பெண்கள் வரிசையில் மூன்றாவதாக சலேத்து.
ஏலச்சீட்டுத் தகராறில் பதினோரு மாதமாய்ப் பேச்சில்லை.
பாக்கி பன்னிரண்டாயிரம் என்கிறாள் அவள்,
எட்டு என்கிறது என் நோட்டு.

மற்றவர்கள் மெட்டோடு மேலே போக
அவள் மட்டும் கீழே நின்று
அந்தக் 'க'வை நீட்டிப் பிடித்தாள்.
அந்தக் கார்டுக்கு நான் திரும்பிய ஒவ்வொரு தடவையும்.
என் பக்கம் பார்க்கவே இல்லை.
கோயில் முழுக்க வெயில்.

பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டே,
காற்றிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"கட்டைய மாத்து. பன்னெண்டாயிரம்."

அந்த ரப்பர் மதுரையில்தான் கிடைக்கும்.
இன்னும் நான் போகவில்லை.